ராணிகளின் கதை: ‘மாட்டேன்’ என்று சொன்ன ஜோன்

1191-ம் ஆண்டு, அக்டோபர் மாதம். ஜெருசலேம் யாருக்கு என்று நடந்துகொண்டிருந்த மூன்றாம் சிலுவைப் போர் இரண்டு தரப்பையும் களைத்துப்போக வைத்திருந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட். ‘சிங்க இதயம் கொண்டவர்’ என்று சரித்திரப் பாடத்தில் படித்திருப்பீர்களே, அவரேதான். இன்னொரு பக்கம் எகிப்தையும் சிரியாவையும் ஆண்ட சுல்தான் சலாஹுத்தீன்.

யாஃபாவில் முகாமிட்டிருந்த ரிச்சர்ட், ஒரு சமாதானத் திட்டத்தைச் சொல்லி அனுப்பினார். ‘என் தங்கையை சுல்தானின் தம்பி அல் ஆதிலுக்குக் கல்யாணம் செய்து கொடுக்கிறேன். நான் பிடித்து வைத்திருக்கும் ஆக்கர், யாஃபா போன்ற கடலோர நகரங்களைத் தங்கைக்குத் தருகிறேன். சுல்தான் தன் வசமுள்ள கடலோரப் பகுதிகளைத் தம்பிக்குத் தரட்டும். இருவரும் ஜெருசலேமில் இருந்து ஆளட்டும். கைதிகளை விடுவிப்போம், நான் ஊருக்குக் கிளம்புகிறேன்’ என்பதுதான் அந்தத் திட்டத்தின் சாரம்.

சினிமாவில் வைத்தால்கூட ‘ரொம்ப ஓவர்’ என்று சொல்வோம். ஆனால் நடந்தது. சுல்தானின் முகாமிலேயே இருந்து எல்லாவற்றையும் எழுதிவைத்த பஹாவுதீன் இப்னு ஷத்தாத் இதைப் பதிவு செய்திருக்கிறார். தகவலைக் கேட்ட சலாஹுத்தீன், சாட்சிகள் முன்னால் மூன்று முறை ‘சம்மதம்’ என்றாராம். ரிச்சர்ட் விளையாடுகிறார், இது நடக்கப்போவதில்லை என்பது சுல்தானின் கணக்கு. அல் ஆதிலும் மறுப்பு சொல்லவில்லை.

அண்ணனுக்குச் சம்மதம். மாப்பிள்ளைக்குச் சம்மதம். மாப்பிள்ளையின் அண்ணனுக்கும் சம்மதம். மணமகளின் காதுக்கு விஷயம் கடைசியாகத்தான் போனது.

அந்த மணமகளின் பெயர் ஜோன். அப்போது வயது 26. அதற்குள் ஒரு நாட்டுக்கு அரசியாகி, விதவையாகி, சிறைபட்டு, மீட்கப்பட்டு, நடுக்கடலில் தத்தளித்து முடித்திருந்தார். யார் இந்த ஜோன்?

11 வயதுக் கல்யாணப் பெண்

இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஹென்றிக்கும் அக்விடேன் சீமாட்டி எலினோருக்கும் கடைசிப் பெண்ணாக, 1165 அக்டோபரில் ஆஞ்சே நகரில் பிறந்தார் ஜோன். ஆஞ்சே இருப்பது இன்றைய பிரான்ஸில். அப்போது பிரான்ஸின் மேற்குப் பாதி முழுக்க இந்தக் குடும்பத்தின் கையில்தான் இருந்தது.

நான்கு அண்ணன் தம்பிகள், இரண்டு அக்காக்கள். ஆண் பிள்ளைகள் அப்பாவை எதிர்த்துப் போர் செய்தார்கள். அவர்களுக்குத் துணைபோனார் என்று மனைவி எலினோரையே ஹென்றி காவலில் வைத்தார். பெண் பிள்ளைகள் எதற்கு? கூட்டணிக்கு! மூத்தவர் மெட்டில்டா, ஜெர்மனியின் சாக்சனி நாட்டுக்கு. அடுத்தவர் எலினோர், ஸ்பெயினின் காஸ்டீலுக்கு. மிச்சமிருந்த ஜோனுக்குத் தெற்கே, மத்தியதரைக்கடல் நடுவே இருக்கும் சிசிலி.

சிசிலியின் இளம் மன்னர் இரண்டாம் வில்லியமுக்கும் பெண் அமைவது எளிதாக இருக்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிள் பேரரசரின் மகள் மரியாவைப் பேசி முடித்திருந்தார்கள். 1172-ல் மணப்பெண்ணை வரவேற்க டரன்டோ துறைமுகத்துக்கே போய்க் காத்திருந்தார் வில்லியம். பெண் வரவே இல்லை. அந்த அவமானத்துக்குப் பிறகுதான் இங்கிலாந்துச் சம்பந்தம் மறுபடியும் சூடுபிடித்தது.

‘மறுபடியும்’ என்பதற்கும் காரணம் உண்டு. இந்தச் சம்பந்தத்தைச் சில வருடங்களுக்கு முன்பே பேசத் தொடங்கியிருந்தார்கள். இடையில், 1170-ல், கேன்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டை ஹென்றியின் வீரர்கள் தேவாலயத்துக்குள்ளேயே வெட்டிக் கொன்றார்கள். ஐரோப்பா முழுவதும் ஹென்றியின் பெயர் கெட்டது. அந்தக் கறை கொஞ்சம் ஆறிய பிறகே பேச்சு மீண்டும் தொடர்ந்தது.

1176-ல் சிசிலித் தூதர்கள் இங்கிலாந்துக்கு வந்தார்கள். வின்செஸ்டர் நகரில் இருந்த ஜோனைப் போய்ப் பார்த்தார்கள். பெண் பார்க்கும் படலம்தான். பிடித்துவிட்டது. அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில் பிஷப்புகளும் பிரபுக்களும் சூழ ஜோன் கிளம்பினார். அப்போது அவருக்கு 11 வயதுகூட நிறையவில்லை.

நார்மண்டியில் மூத்த அண்ணன் ஹென்றி வந்து அழைத்துப்போனார். அடுத்து ரிச்சர்டின் பகுதி. அங்கிருந்து தெற்குக் கடற்கரை வரை தங்கையைக் கொண்டுவந்து விட்டது அவர்தான். பிறகு கப்பல். குளிர்காலக் கடல். சிறுமிக்குக் கடல் பயணம் ஒத்துக்கொள்ளவே இல்லை. வாந்தியும் மயக்கமும் தாங்க முடியாமல், நேபிள்ஸில் இறங்கி கிறிஸ்துமஸை அங்கேயே கழித்துவிட்டு, மிச்ச தூரத்தை முடிந்தவரை தரை வழியாகக் கடந்தார்கள்.

பலெர்மோ நகருக்குள் அவர் நுழைந்தது ஓர் இரவில். ஊரே விளக்கேற்றி வைத்திருந்ததாகவும், நட்சத்திரங்கள் அந்த வெளிச்சத்தில் மங்கிப்போனதாகவும் இங்கிலாந்து எழுத்தர் ஒருவர் குறித்துவைத்திருக்கிறார். 1177 பிப்ரவரி 13-ம் தேதி கல்யாணம், அதோடு முடிசூட்டு விழா. மாப்பிள்ளைக்கு 23 வயது. பெண்ணுக்கு 11.

மருதாணி வைத்த கிறிஸ்துமஸ்

இங்கிலாந்தின் மழையிலும் கல்கோட்டையிலும் இருந்து வந்த பெண்ணுக்கு பலெர்மோ வேறொரு உலகம். சிசிலியை ஒரு காலத்தில் அரபு ஆட்சியாளர்கள் ஆண்டார்கள். பிறகு நார்மன் குலத்தவர் கைப்பற்றினார்கள். ஆட்சி மாறியதே தவிர, அரபு மொழியும் பழக்கவழக்கமும் அரண்மனையை விட்டுப் போகவில்லை. அரசாங்க ஆவணங்கள் லத்தீன், கிரேக்கம், அரபு என மூன்று மொழிகளில் எழுதப்பட்டன.

ஸ்பெயினின் கிரனடாவைச் சேர்ந்த இப்னு ஜுபைர் என்ற யாத்ரீகர், மெக்கா போய்விட்டுத் திரும்பும்போது கப்பல் உடைந்து 1184 டிசம்பரில் சிசிலியில் கரையேறினார். அவர் எழுதிய பயணக் குறிப்புகளைப் படித்தால் ஜோன் வாழ்ந்த ஊர் கண்முன்னால் வரும். மன்னர் வில்லியமுக்கு அரபு எழுதப் படிக்கத் தெரியும் என்கிறார். அரண்மனைச் சமையலறையின் பொறுப்பே ஒரு முஸ்லிமிடம்தான். பலெர்மோவின் கிறிஸ்தவப் பெண்கள் கிறிஸ்துமஸ் அன்று தங்க ஜரிகைப் பட்டு உடுத்தி, வண்ண முக்காடு போட்டு, விரல்களில் மருதாணி வைத்து, வாசனை பூசிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனதைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார்.

அரசி ஜோனும் மருதாணி வைத்துக்கொண்டாரா? எந்தக் குறிப்பும் இல்லை. ஆனால், 11 வயதிலிருந்து 24 வயதுவரை அவர் வளர்ந்தது இந்த ஊரில்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பின்னால் தேவைப்படும்.

பலெர்மோவுக்குப் பக்கத்தில் மோன்ரியாலே என்ற இடத்தில் வில்லியம் ஒரு பிரமாண்டமான தேவாலயம் கட்டினார். உள்சுவர் முழுக்கத் தங்கப் பின்னணியில் மொசைக் ஓவியங்கள். இன்றும் உலகச் சுற்றுலாப் பயணிகள் அண்ணாந்து பார்க்கும் இடம். அங்கே வரிசையாக நிற்கும் புனிதர்களில் ஒருவர் யார் தெரியுமா? தாமஸ் பெக்கெட்! ஜோனின் அப்பாவுடைய ஆட்கள் வெட்டிக் கொன்ற அதே பேராயர். கொலையான மூன்றே வருடத்தில் போப் அவரைப் புனிதராக அறிவித்துவிட்டார். அவருக்கு வரையப்பட்ட மிகப் பழைய உருவங்களில் இது ஒன்று. தேவாலயத்துக்குப் போகும்போதெல்லாம் ஜோன் அந்த முகத்தைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்!

கல்யாணமாகி 12 வருடங்கள் ஆகியும் அரியணைக்கு வாரிசு இல்லை. 1189 நவம்பரில், 36 வயதுகூட நிறையாமல் வில்லியம் இறந்துபோனார். அதே வருடம் ஜூலையில்தான் அப்பா ஹென்றியும் இறந்திருந்தார். 24 வயதில் ஜோனுக்கு இரண்டு பக்கமும் ஆதரவு இல்லை.

சிறையும் மீட்பும்

வாரிசு இல்லாத அரியணைக்கு இரண்டு பேர் போட்டி. வில்லியமின் அத்தை கான்ஸ்டன்ஸுக்குத்தான் உரிமை என்று முன்பே சத்தியம் வாங்கியிருந்தார்கள். ஆனால் அவர் ஜெர்மானிய இளவரசர் ஹென்றியை மணந்திருந்ததால், ஜெர்மானியர் ஆட்சி வேண்டாம் என்று சிசிலியின் ஒரு தரப்பு நினைத்தது. அவர்கள் துணையோடு டாங்கிரெட் என்பவர் முடிசூடிக்கொண்டார். இவர் வில்லியமின் பெரியப்பாவுக்கு முறைப்படி மணக்காத துணைவி வழியில் பிறந்தவர்.

டாங்கிரெட் செய்த முதல் காரியங்களில் ஒன்று, விதவை அரசியைக் காவலில் வைத்தது. காரணம் நிலம். அந்தக் கால ஐரோப்பாவில் பெண் வீட்டார் சீர் கொடுப்பது ஒரு பக்கம் இருந்தாலும், மாப்பிள்ளையும் கல்யாணத்தின்போதே மனைவி பேரில் ஒரு பகுதியை எழுதிவைக்க வேண்டும். கணவர் இறந்தால் விதவை அதன் வருமானத்தில் வாழலாம். ஒருவகை ஜீவனாம்ச நிலம். ஜோனுக்கு வில்லியம் எழுதிவைத்தது தென் இத்தாலியில் மோன்தே சான்ட் ஆஞ்செலோ சீமையை. அதை விட்டுக்கொடுக்க டாங்கிரெட்டுக்கு மனமில்லை.

கிட்டத்தட்ட ஒரு வருடம். பிறகு, 1190 செப்டம்பர் 23-ம் தேதி மெஸினா துறைமுகத்தில் எக்காளங்கள் முழங்க வந்து இறங்கினார் இங்கிலாந்தின் புது மன்னர் ரிச்சர்ட். சிலுவைப் போருக்குப் போகும் வழி. தங்கையை விடுவி என்று ஆள் அனுப்பினார். ஐந்தே நாளில், 28-ம் தேதி ஜோன் அண்ணனிடம் வந்து சேர்ந்தார். சிறுவயதில் கடற்கரை வரை வந்து வழியனுப்பிய அண்ணன்!

இங்கே ஒரு சின்ன சுவாரஸ்யம். ரிச்சர்டோடு சேர்ந்து போருக்கு வந்திருந்த பிரான்ஸ் மன்னர் பிலிப், சமீபத்தில்தான் மனைவியை இழந்திருந்தார். ஜோனைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்ததைச் சுற்றியிருந்தவர்கள் கவனித்துவிட்டார்கள். ‘அடுத்த கல்யாணம் இதுதான்’ என்று ஊரே பேசத் தொடங்கியது. ரிச்சர்ட் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்த இரண்டொரு நாளில் எதிர்க்கரையில் உள்ள பன்யாரா என்ற இடத்தைப் பிடித்து, தங்கையை அங்கே பாதுகாப்பாக வைத்துவிட்டார்.

ஆள் வந்தாயிற்று, சொத்து? அதற்கு ரிச்சர்ட் பேசிய விதம் வேறு. அக்டோபர் 4-ம் தேதி மெஸினா நகரையே தாக்கிக் கொள்ளையடித்தார். மருமகனாக வில்லியம் தன் மாமனாருக்கு உயிலில் எழுதிவைத்ததாகச் சொல்லப்பட்ட 12 அடி நீளத் தங்க மேஜை, 200 வீரர்கள் உட்காரக்கூடிய பட்டுக் கூடாரம், 100 போர்க்கப்பல்கள் எல்லாம் தனக்கு வேண்டும் என்று கேட்டார். கடைசியில் ஜோனின் ஜீவனாம்ச நிலத்துக்கு ஈடாக 20,000 அவுன்ஸ் தங்கம், இன்னொரு சம்பந்தப் பேச்சின் பேரில் மேலும் 20,000 அவுன்ஸ் என்று பேரம் படிந்தது.

அந்தத் தங்கம் எங்கே போனது? மூன்றில் ஒரு பங்கு பிலிப்புக்கு. மிச்சம் ரிச்சர்டின் போர்ச் செலவுக்கு. விதவைக்கென்று எழுதிவைத்த சொத்து, அவர் கையில் தங்காமலே கப்பலும் குதிரையுமாக மாறியது. இந்த ஒப்பந்தத்தில் ரிச்சர்ட் டாங்கிரெட்டை சிசிலியின் மன்னராகவும் ஏற்றுக்கொண்டார். கான்ஸ்டன்ஸின் கணவர் ஹென்றி இதை மறக்கவில்லை.

நான்கு நாள் அம்மா

1191 மார்ச் 30. மெஸினாவுக்கு இன்னொரு கப்பல் வந்தது. அதில் ஜோனின் அம்மா எலினோர். 70-ஐ நெருங்கிய வயதில், குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி, ரிச்சர்டுக்காக நவார் நாட்டு இளவரசி பெரங்கேரியாவை அழைத்து வந்திருந்தார். ரிச்சர்டுக்கு 20 வருடங்களுக்கு மேலாக நிச்சயிக்கப்பட்டிருந்த பிரான்ஸ் மன்னரின் சகோதரி அலீஸ் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அது தனி சோகம். குழந்தையாக இங்கிலாந்துக்கு வந்தவர், கல்யாணமும் ஆகாமல் ஊருக்கும் போகாமல் அங்கேயே பிணைபோல வைக்கப்பட்டிருந்தார்.

அம்மாவும் மகளும் சந்தித்து கிட்டத்தட்ட 15 வருடங்கள். எலினோர் நான்கு நாள் மட்டுமே தங்கினார். ராஜ்ஜியத்தைக் கவனிக்கத் திரும்ப வேண்டியிருந்தது. வருங்கால மருமகளை ஜோனின் பொறுப்பில் விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஏப்ரல் 10-ம் தேதி கப்பல்கள் புறப்பட்டன. மூன்றாவது நாளில் புயல். சைப்ரஸ் தீவுக்கருகே சில கப்பல்கள் உடைந்தன. ஜோனும் பெரங்கேரியாவும் இருந்த கப்பல் லிமசோல் துறைமுகத்துக்கு வெளியே ஒதுங்கி நின்றது. தீவை ஆண்டுகொண்டிருந்த ஐசக் கொம்னினோஸ், ‘கரைக்கு வாருங்கள், உபசரிக்கிறோம்’ என்று அழைப்பு அனுப்பினார். உடைந்த கப்பல்களில் இருந்து கரையேறியவர்களை அவர் பிடித்து வைத்திருந்ததும் தெரியவந்தது.

ஜோன் இறங்கவில்லை. குடிதண்ணீர் மட்டும் எடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். அதுவும் கிடைக்கவில்லை. தண்ணீர் குறைகிறது, கடல் அடங்கவில்லை, கரையில் படை சேர்கிறது. ஒரு மன்னரின் ‘உபசரிப்பில்’ ஒரு வருடம் இருந்துவிட்டு வந்தவருக்கு, இந்த அழைப்பின் அர்த்தம் புரிந்திருக்கும். மே 6-ம் தேதி ரிச்சர்டின் கப்பல்கள் வந்து சேரும்வரை கப்பலிலேயே தாக்குப்பிடித்தார்கள்.

அதன் பிறகு நடந்தது ரிச்சர்ட் பாணி. தீவையே பிடித்துவிட்டார். மே 12-ம் தேதி லிமசோலில் அவருக்கும் பெரங்கேரியாவுக்கும் திருமணம். ஐசக்கின் இளம் மகள், ஜோன், பெரங்கேரியா இருவரின் பராமரிப்பில் பிணையாக ஒப்படைக்கப்பட்டாள். நேற்றுவரை பிணையாக இருந்தவரிடம் இன்று இன்னொரு பிணை. இந்தப் பெண்ணும் கதையில் திரும்ப வருவாள்.

‘மாட்டேன்!’

ஜூலை 12-ல் ஆக்கர் நகரம் வீழ்ந்தது. பெண்களை அந்த நகரின் அரண்மனையில் தங்கவைத்தார்கள். அடுத்த மாதம், பேச்சுவார்த்தை இழுபறியானபோது, ரிச்சர்ட் சுமார் 2,700 கைதிகளை அந்த நகருக்கு வெளியே வெட்டிக் கொல்ல உத்தரவிட்டார். அந்த ரத்தம் காய்ந்து இரண்டு மாதம் ஆவதற்குள் வந்ததுதான் தொடக்கத்தில் பார்த்த கல்யாணத் திட்டம்.

விஷயம் ஜோனுக்குத் தெரிந்ததும் என்ன நடந்தது என்பதை பஹாவுதீன் எழுதியிருக்கிறார். கடும் கோபம். வேற்று மதத்தவரை மணக்க மாட்டேன் என்று ஒரேயடியாக மறுத்துவிட்டார். ரிச்சர்ட் அதோடு விட்டாரா? ‘அல் ஆதில் கிறிஸ்தவராக மாறினால் என் தங்கை சம்மதிப்பாள்’ என்று அடுத்த செய்தி. அது நடக்கவில்லை. பிறகு, ‘தங்கை விதவை, போப் அனுமதி வேண்டும். வேண்டுமானால் என் தம்பி மகள் இருக்கிறாள்’ என்று இன்னொரு செய்தி. அந்தப் பெண்ணுக்கு அப்போது 10 வயதுக்குள்தான். சுல்தான் தரப்பு வேண்டாம் என்றுவிட்டது.

ரிச்சர்ட் உண்மையிலேயே இதை நினைத்தாரா, நேரம் கடத்த ஆடிய ஆட்டமா என்று வரலாற்றாசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். ஜோனின் பக்கம் இருந்து பார்த்தால் அந்த விவாதத்துக்குப் பெரிய அர்த்தமில்லை. இரண்டில் எதுவானாலும் மேஜையில் வைக்கப்பட்டது அவர்.

அரபு பேசும் அரண்மனையில், முஸ்லிம் அதிகாரிகளும் பணிப்பெண்களும் சூழ 13 வருடங்கள் வாழ்ந்தவர் அவர். அந்தக் கலாசாரம் அவருக்குப் புதிதல்ல. ஆனாலும் அவர் சொன்ன காரணம் மதம். அந்தக் காலத்தில் ஒரு மன்னரின் தங்கை, மன்னரே மறுத்துப் பேச முடியாதபடி சொல்லக்கூடிய காரணம் அது ஒன்றுதான். சிலுவைப் போருக்கு வந்த அண்ணன், அந்தப் பதிலுக்கு எதிராக என்ன வாதாட முடியும்? அவர் மனதில் இருந்தது விசுவாசமா, வெறுப்பா, களைப்பா என்று எழுதிவைக்க அருகில் யாரும் இல்லை. மறுத்தார் என்பது மட்டும், அதுவும் எதிர்த்தரப்புக்காரர் எழுதிவைத்ததால், நமக்குக் கிடைத்திருக்கிறது.

1192 செப்டம்பரில் போர் நிறுத்தம் கையெழுத்தானது. அந்த மாதக் கடைசியில் ஜோனும் பெரங்கேரியாவும் ஐசக்கின் மகளும் ஆக்கரில் கப்பல் ஏறினார்கள். தனி வழியில் போன ரிச்சர்ட், டிசம்பரில் வியன்னா அருகே மாட்டிக்கொண்டார். கடைசியில் அவர் போய்ச் சேர்ந்தது யாருடைய சிறைக்கு? கான்ஸ்டன்ஸின் கணவர் ஹென்றி, அதற்குள் பேரரசர் ஆறாம் ஹென்றி ஆகியிருந்தார். டாங்கிரெட்டை மன்னராக ஏற்றுக்கொண்ட கோபம் அவருக்கு அப்படியே இருந்தது. விடுதலைக்கு அவர் கேட்ட விலை 1,50,000 மார்க் வெள்ளி. அதில் பெரும்பகுதியைக் கொடுத்த பிறகே 1194 பிப்ரவரியில் ரிச்சர்ட் வெளியே வந்தார். அந்தப் பணத்தின் தெம்பில் சிசிலிக்குப் படையெடுத்த ஹென்றி, அதே வருடக் கிறிஸ்துமஸ் அன்று பலெர்மோவில் முடிசூடிக்கொண்டார். ஜோன் முடிசூடிய அதே ஊரில்!

பகையாளி வீட்டு மருமகள்

ஜோனும் பெரங்கேரியாவும் சாலைகள் பாதுகாப்பில்லாததால் ரோமில் சுமார் ஆறு மாதம் தங்கிவிட்டு, பல கை மாறிய பாதுகாப்போடு ஊர் திரும்பினார்கள். அதன் பிறகு சில வருடங்கள் ஜோனைப் பற்றிப் பேச்சே இல்லை. பேச்சு வந்தபோது, அது மறுபடியும் கல்யாணப் பேச்சு.

தெற்கு பிரான்ஸில் துலூஸ் சீமை. அது தன் பாட்டி வழிச் சொத்து என்று எலினோர் சொல்லிவந்தார். அதற்காக முதலில் கணவர் ஹென்றி, பிறகு மகன் ரிச்சர்ட் என்று 40 வருடச் சண்டை. 1196 அக்டோபரில் அந்தச் சண்டையை முடிக்கக் கொடுக்கப்பட்டவர் ஜோன். மாப்பிள்ளை துலூஸின் கோமகன் ஆறாம் ரேமண்ட். ஜோன் அவருக்கு நான்காவது மனைவி. மூன்றாவது மனைவியை அப்போதுதான் விலக்கியிருந்தார்.

இந்தக் காலத்தில் ஜோன் வைத்திருந்த வெள்ளி முத்திரை அச்சு ஒன்று லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. இரண்டு பக்கம் கொண்டது. ஒரு பக்கத்தில் துலூஸ் கோமகள் என்ற புகுந்த வீட்டுப் பட்டங்கள். மறுபக்கத்தில் அரசி ஜோன், மறைந்த இங்கிலாந்து மன்னரின் மகள். சிசிலியை விட்டு வந்து ஆறேழு வருடங்கள் கழித்தும் ‘அரசி’யை அவர் விடவில்லை.

1197 ஜூலையில் மகன் பிறந்தான். அவனும் ரேமண்ட். 1199-ல் மீண்டும் கர்ப்பம். அந்த நேரத்தில் உள்ளூர் பிரபுக்கள் சிலர் கலகம் செய்ய, கணவர் ரேமண்ட் வேறு இடத்தில் போரில் இருக்க, ஜோனே படையோடு போய் லெ காஸே என்ற கோட்டையை முற்றுகையிட்டார். ஆனால் அவருடைய படைக்குள்ளேயே துரோகம். சொந்த ஆட்களே கோட்டைக்குள் இருந்தவர்களுக்கு ரகசியமாகப் பொருட்களை அனுப்பினார்கள். கடைசியில் அவர் தங்கியிருந்த முகாமுக்கே தீ வைத்துவிட்டார்கள். நெருப்பிலிருந்து தப்பியதே பெரிது.

கணவரிடம் போகவில்லை. வடக்கு நோக்கி, அண்ணன் ரிச்சர்டிடம் முறையிடக் கிளம்பினார். ஏற்கெனவே ஒருமுறை சிறையிலிருந்து மீட்டவர் ஆயிற்றே. வழியில் செய்தி வந்தது. ஷாலு என்ற சின்னக் கோட்டையின் சுவரிலிருந்து வந்த அம்பு பட்டு, ஏப்ரல் 6-ம் தேதி ரிச்சர்ட் இறந்துவிட்டார்.

கன்னியாஸ்திரி ஆகவேண்டும்

ஜோன் போய்ச் சேர்ந்த இடம் ஃபோன்டெவ்ரோ மடம். அப்பாவையும் அண்ணனையும் புதைத்த இடம். அம்மா எலினோர் தங்கியிருந்த இடம். இந்த மடத்தில் ஒரு விசேஷம். ஆண் துறவிகளும் பெண் துறவிகளும் இருப்பார்கள். ஆனால் எல்லோருக்கும் தலைமை ஒரு பெண்தான். 1100-களின் தொடக்கத்திலேயே அப்படி ஒரு ஏற்பாடு.

அங்கிருந்து புது மன்னரான தம்பி ஜானைப் பார்க்க ரூவான் நகருக்குப் போனார். பிரசவ நாள் நெருங்கியது. உடல் மோசமானது. அப்போது ஜோன் ஒரு கோரிக்கை வைத்தார். ‘எனக்கு ஃபோன்டெவ்ரோ மடத்தின் முக்காடு வேண்டும். நான் கன்னியாஸ்திரி ஆகவேண்டும்.’

எல்லோரும் அதிர்ந்துபோனார்கள். கணவர் உயிரோடு இருக்கிறார். அவர் சம்மதம் இல்லாமல் மனைவி துறவியாக முடியாது, அது திருச்சபைச் சட்டம். போதாததற்கு நிறைமாத கர்ப்பிணி. கேன்டர்பரி பேராயர் ஹூபர்ட் வால்டர் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். ஜோன் அசையவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் துறவிகளோடு கலந்து பேசிவிட்டு, இது கடவுள் கொடுத்த எண்ணமாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்லி, சட்டத்தை ஒதுக்கிவைத்துவிட்டு அவருக்கு முக்காடு அணிவித்தார்கள்.

சாகும் தறுவாயில் துறவிக் கோலம் பூணுவது அந்தக் கால உயர்குடியினரிடம் இருந்த வழக்கம்தான். ஆனால் கணவன் இருக்கும் கர்ப்பிணிக்கு அது கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். அந்த முக்காட்டோடு அவர் யாருக்கும் மனைவி இல்லை. துலூஸ் கல்லறையும் அவருக்கு இல்லை. எங்கே புதைக்கப்பட வேண்டும் என்பதை அவரே தேர்ந்தெடுத்துவிட்டார்.

1199 செப்டம்பரில் ஜோன் இறந்தார். 34 வயது நிறையவில்லை. வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுத்தார்கள். ஆண் குழந்தை. ஞானஸ்நானம் கொடுத்து ‘ரிச்சர்ட்’ என்று பெயர் வைக்கும் வரைதான் உயிர் இருந்தது. அம்மா எலினோர் அருகிலிருந்து பார்த்தார். ஐந்து மாதத்துக்குள் அவர் இழந்த இரண்டாவது பிள்ளை.

ஐசக்கின் மகள் திரும்ப வருவாள் என்று சொன்னோம் இல்லையா? சைப்ரஸிலிருந்து ஜோனோடு வந்த அந்தப் பெண்ணைத்தான் அடுத்து ரேமண்ட் மணந்தார். சில வருடங்களுக்குள் அவளையும் விலக்கினார்.

ஜோனின் மகன் ஏழாம் ரேமண்டுக்கு, அம்மா இறக்கும்போது இரண்டு வயது. முகம்கூட ஞாபகம் இருந்திருக்காது. பின்னாளில் அவர் தன் ஒரே மகளுக்கு ‘ஜோன்’ என்று பெயர் வைத்தார். 1229-ல் பிரான்ஸ் மன்னரிடம் தோற்று பாரிஸில் ஒப்பந்தம் போட்டபோது, அதில் ஒரு நிபந்தனை, அந்த மகளை மன்னரின் தம்பிக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது. பிரெஞ்சு அரசவையில் ஒப்படைக்கப்பட்டபோது குட்டி ஜோனுக்கு ஒன்பது வயது. அவருக்கும் பிள்ளையில்லை. 1271-ல் அவர் இறந்ததும், 40 வருடம் சண்டை போட்டும் இங்கிலாந்தால் எடுக்க முடியாத துலூஸ், பிரான்ஸ் மன்னரின் கைக்குப் போனது.

ரேமண்ட் 1249-ல் இறந்தார். துலூஸில் வேண்டாம், ஃபோன்டெவ்ரோவில் அம்மாவின் காலடியில் தன்னைப் புதைக்கவேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே செய்தார்கள். அந்த மடத்தில் இன்றும் இரண்டாம் ஹென்றி, எலினோர், ரிச்சர்ட் ஆகியோரின் கல்லறைச் சிற்பங்கள் படுத்த நிலையில் இருக்கின்றன. எலினோரின் கையில் திறந்த புத்தகம். ஜோனின் சிற்பமும் மகனின் சிற்பமும் காலப்போக்கில் காணாமல் போய்விட்டன.